காயத்தால் ஏற்படும் சிறுநீர்வழிச் சுருக்கம்

சிறுநீர்வழி என்பது சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை உடலுக்கு வெளியே கொண்டுசெல்லும் குழாய் ஆகும். அடிபட்ட சிறுநீர்வழி ஆறும்போது உண்டாகும் தழும்பினால் அக்குழாய் குறுகிப்போவது காயத்தால் ஏற்படும் சிறுநீர்வழிச் சுருக்கம் எனப்படும். பேச்சு வழக்கில் இது நீர்ப்பாதை அடைப்பு என்றும், மருத்துவமனைகளில் ஸ்ட்ரிக்சர் என்றும் வழங்கப்படுகின்றது. இது பெரும்பாலும் ஆண்களுக்கே ஏற்படுகின்றது.

விபத்து நடந்து சில வாரங்களிலோ, மாதங்களிலோ, சிலவேளை ஆண்டுகள் கழித்தோ இது வெளிப்படும். ஆகவே இதனை ஒரு நோய் என்று கொள்வதா, பழைய காயத்தின் தொடர்ச்சி என்று கொள்வதா என்னும் கேள்வி எழுகின்றது. இக்கேள்வி பெயரைப் பற்றியது மட்டும் அன்று. அறுவை மருத்துவத்தின் முறை, காப்பீடு, இழப்பீடு ஆகியவை இதற்கான விடையைச் சார்ந்துள்ளன.

உடற்கூறு

ஆண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 18 முதல் 20 செ.மீ. வரை நீளமானது, பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. ஆண்களில் இக்குழாய் புராஸ்டேட் சுரப்பியின் ஊடாக இறங்கி, இடுப்பெலும்பு வளையத்தின் அடியில் வளைந்து, ஆண்குறியின் நுனி வரை செல்கின்றது. இதன் முன்பகுதியைக் குருதி நிறைந்த பஞ்சு போன்ற திசு சூழ்ந்துள்ளது. நீளமும் எலும்புக்கு அருகில் அமைந்த நிலையும் காரணமாக ஆண்களின் சிறுநீர்வழி எளிதில் அடிபடுகின்றது.

காயம் நேரும் விதம்

இரு வகைக் காயங்கள் இதில் முதன்மையானவை.

முதலாவது, கால்களை இருபுறமும் விரித்தவாறு ஒரு பொருளின்மீது விழுவதால் நேர்வது. மிதிவண்டியின் குறுக்குக் கம்பி, மதில், கிணற்றின் கைப்பிடிச்சுவர், சாரக்கட்டு ஆகியவற்றின்மீது விழும்போது விதைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அடி விழுகின்றது. அங்குள்ள சிறுநீர்வழி, மேலிருக்கும் பூப்பெலும்பில் மோதி நசுங்குகின்றது. கொங்கு நாட்டில் தென்னை ஏறுவோர், கட்டடத் தொழிலாளர் போன்றோருக்கு இவ்வகை இடர் உண்டு.

இரண்டாவது, இடுப்பெலும்பு முறிவுடன் நேர்வது. சாலை விபத்துகளும் உயரத்திலிருந்து விழுதலும் இதற்கு முதன்மைக் காரணங்கள். எலும்பு வளையம் உடையும்போது சிறுநீர்வழியின் பின்பகுதி கிழிந்து, சிலவேளை இரு முனைகளும் விலகிவிடுகின்றன. இடைவெளியைத் தழும்பு நிரப்புகின்றது. இதனைச் சுருக்கம் என்பதைவிட இடைவெளி என்பதே பொருத்தம் என்று வல்லுநர்கள் கூறுவர்.

அடிபட்டவுடன் சிறுநீர்த் துளையில் குருதி தென்படுதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இந்நிலையில் வடிகுழாயை வலிந்து செலுத்துவது காயத்தைப் பெரிதாக்கலாம். தேவைப்படின் அடிவயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு நேரடியாகக் குழாய் வைக்கப்படும்.

காயம் சுருக்கமாக மாறுதல்

காயம் என்பது ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது. சுருக்கம் அவ்வாறன்று. கிழிந்த உட்சவ்வின் வழியே சிறுநீர் கசிந்து, சூழ்ந்துள்ள பஞ்சுத் திசுவில் அழற்சியை உண்டாக்குகின்றது. நெகிழும் தன்மையுள்ள திசுவின் இடத்தில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் படிகின்றது. தோலில் உண்டாகும் தழும்பு பார்வைக்கு மட்டும் குறையாகலாம். குழாயைச் சுற்றி உண்டாகும் தழும்போ சுருங்கச் சுருங்கக் குழாயை நெரிக்கின்றது. உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் செயலே இங்கு கேடாக முடிகின்றது.

சிறுநீர்த் தாரை மெலிதல், முக்கிக் கழித்தல், கழித்த பின்னும் சொட்டுதல், முழுதும் வெளியேறாத உணர்வு, அடிக்கடி நீர்த்தொற்று ஆகியவை அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பையில் கல், சிறுநீர் அடைபட்டுப் போதல், முடிவில் சிறுநீரகப் பாதிப்பு வரை செல்லலாம். சிறுநீர் பாயும் வேகத்தை அளத்தல், சாயம் செலுத்தி எடுக்கும் ஊடுகதிர்ப் படம் ஆகியவற்றால் சுருக்கத்தின் இடமும் நீளமும் கண்டறியப்படுகின்றன.

மருத்துவ வகைப்பாட்டில் இதன் இடம்

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாடு, பத்தாம் பதிப்பில், சிறுநீர்வழியில் நேர்ந்த புதிய காயத்துக்கு எஸ்37.3 என்னும் குறியீடு உண்டு. இது காயங்களுக்கான அத்தியாயத்தில் அமைந்துள்ளது. காயத்துக்குப் பிந்திய சிறுநீர்வழிச் சுருக்கத்தின் குறியீடு என்35.0, இது சிறுநீர்-பிறப்புறுப்பு மண்டல நோய்களின் அத்தியாயத்தில் வருகின்றது. ஆகவே ஒரே மனிதரின் ஒரே உறுப்பு விபத்தன்று காயம் என்றும், சில மாதங்கள் சென்றபின் நோய் என்றும் பதிவாகின்றது.

இவ்வகைப்பாடு காயத்தை மறந்துவிடவில்லை. தொற்றுக்குப் பிந்திய சுருக்கத்துக்கு என்35.1 என்னும் வேறு குறியீடு உள்ளது. மேலும், காயங்களின் பின்விளைவுகளுக்கென்றே தனிக் குறியீடுகளும் உள்ளன. இப்போதுள்ள நிலை நோய் என்றும், அதன் காரணம் காயம் என்றும் ஒருங்கே குறிப்பதே இம்முறையின் நோக்கம் எனலாம்.

காரணமும் சிகிச்சையும்

வெட்டை நோய் போன்ற தொற்றுகளாலும், லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்னும் தோல் அழற்சி நோயாலும் சிறுநீர்வழி சுருங்கலாம். லைக்கன் ஸ்க்லெரோசஸ் படிப்படியாக நீண்டு பரவக்கூடியது. பிறப்புறுப்புத் தோலையே தாக்குவதால் அத்தோலை ஒட்டுக்குப் பயன்படுத்துவதைத் தவிர்க்கின்றனர். கன்னத்தின் உட்சவ்வை எடுத்து ஒட்டி வழியை அகலமாக்குவர். இத்துறையில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சஞ்சய் குல்கர்னி 2009-இல் வெளியிட்ட, குழாயை ஒரு பக்கம் மட்டும் பிரித்துச் செய்யும் முறை பன்னாட்டளவில் அறியப்பட்டது.

காயத்தால் வந்த சுருக்கம் பெரும்பாலும் குட்டையானது. அடிபட்ட இடத்தைத் தாண்டிப் பரவுவதில்லை. தழும்பை வெட்டி நீக்கி, நலமான இரு முனைகளையும் இணைத்தால் பெரும்பாலோருக்கு நிலையான தீர்வு கிடைக்கின்றது. இடுப்பெலும்பு முறிவாயின் பொதுவாக மூன்று மாதங்களேனும் காத்திருந்து இவ்வறுவை செய்யப்படும். கம்பி செலுத்தி விரித்தலும், உள்நோக்கி வழியாகக் கீறிவிடுதலும் எளியவை எனினும், பலருக்குச் சுருக்கம் மீண்டும் வருகின்றது.

சட்டமும் காப்பீடும்

எடுத்துக்காட்டாக, சரவணம்பட்டியில் வசித்து, கணபதியிலுள்ள ஒரு லேத் பட்டறையில் வேலை செய்பவர், சத்தி சாலையில் வேலைக்குச் செல்லும்போது இருசக்கர வண்டியிலிருந்து விழுகின்றார் எனக் கொள்வோம். எட்டு மாதங்கள் கழித்து அவருக்குச் சிறுநீர் அடைபடுகின்றது.

அவர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளவராயின், மருத்துவம் எவ்வகையிலும் கிடைக்கும். பணப் பயனில்தான் வேறுபாடு. நோய்க்கால உதவி ஊதியத்தில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு 91 நாட்கள் வரை மட்டுமே. வேலை சார்ந்த காயத்தால் ஏற்படும் தற்காலிக இயலாமைக்கு 90 விழுக்காடு. இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும். வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே நேரும் விபத்தும், பணியுடன் அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலை சார்ந்த காயமாகும் என்று 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது. காயம், நோய் என்னும் இப்பாகுபாடு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கின்றது.

சாலை விபத்து தொடர்பான ஏற்பாடுகள் பல, கால வரம்பு உடையவை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம் திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென வகுக்கப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு அளிக்கவேண்டும் என்னும் விதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்த வழக்கில், காலங்கடந்தது என்னும் காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்யலாகாது என உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. தழும்போ இவ்வரம்புகளை அறியாது. தனக்குரிய காலத்தில்தான் முற்றுகின்றது.

தனியார் மருத்துவக் காப்பீட்டில், குறிப்பிட்ட சில நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஆனால் விபத்தால் ஏற்பட்டவற்றுக்கு அக்காத்திருப்பு பொருந்தாது என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது வாசகம். மறுபுறம், முன்பே உள்ள நோய் என்பதற்கான வரையறையில் காயமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே பாலிசி எடுப்பதற்கு முன் நேர்ந்த பழைய காயம், காப்பீட்டின் மொழியில் நோயாகவே எண்ணப்படக்கூடும்.

இவை அனைத்திலும் தேவைப்படுவது காயத்துக்கும் சுருக்கத்துக்கும் உள்ள தொடர்புக்கான சான்று. விபத்தன்று எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பு, சிறுநீரில் குருதி கண்டதாகவோ வடிகுழாய் வைத்ததாகவோ உள்ள பதிவு, வீடு திரும்பும்போது தரப்படும் அறிக்கை ஆகியவை அச்சான்றாகின்றன. கூச்சத்தினால் இவ்வுறுப்பில் பட்ட அடியைச் சொல்லாமல் விடுவோருக்குப் பின்னாளில் மருத்துவமும் தாமதமாகின்றது, உரிமையும் நழுவுகின்றது.

ஒத்த நிலைகள்

விதைப்பையில் நீர் கோர்த்தல் யானைக்கால் நோய்த்தொற்றாலும் வரலாம், அடிபட்டும் வரலாம். ஆண்குறியின் உறையில் தழும்பு படிந்து வளைவு உண்டாக்கும் பெய்ரோனி நோய், அதனை 1743-இல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரைக் கொண்டது. சிறு காயங்கள் அதனைத் தூண்டுவதாகக் கருதப்படுகின்றது. எனினும் பலருக்கு அடிபட்ட நினைவே இல்லை. தழும்பு மிகுதியாகப் படியும் உடல் இயல்பும் பங்கு வகிக்கின்றது. ஆகவே அது நோய் என்றே வழங்குகின்றது. சிறுநீர்வழிச் சுருக்கத்தில் காரணமான காயத்தைப் பெரும்பாலும் சுட்டிக்காட்ட இயலும். அதனால் இதனைக் காயத்தில் தொடங்கிய நோய் எனக் கொள்வதே மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் பொருந்துவதாகும்.