கீரிக்கு வைத்த கண்ணி

ரோம வேட்டை மேல்நாட்டில் பொழுதுபோக்கு. இங்கே அது ஓவியரின் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டி வருடத்துக்கு இரண்டு முறை வேட்டை நடக்கிறது. ஐப்பசி, பங்குனி உற்சவங்களின் ஒன்பதாம் நாள் இரவு, பத்மநாப சுவாமி கோயிலிலிருந்து ஊர்வலம் சத்தமில்லாமல் புறப்படும். கோட்டைக்குள் இருக்கும் வேட்டைக்களத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லை வளைத்து அம்பு எய்வார். விழுவது ஒரு இளநீர். பள்ளிவேட்டை அதோடு முடிந்தது.

வனத்துறைக்குப் பயப்படாமல் இந்தியாவில் ஆசைக்காகச் செய்யக்கூடிய வேட்டை அநேகமாக இவ்வளவுதான்.

கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் நிலைமை வேறு. ரோமத்துக்காகப் பொறி வைத்து விலங்கு பிடிப்பது அங்கே குளிர்காலப் பொழுதுபோக்கு. முடி அடர்ந்திருக்கும் மாதங்களில்தான் அனுமதி. உரிமம் வேண்டும். கனடாவில் புதிதாக வருகிறவர் முதலில் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும். இது பற்றிய கட்டுரை ஒன்றை ஒருமுறை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது கை நின்றுவிட்டது. கருவிகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. கண்ணி, சுருக்கு, வலை, பொறி, கூண்டு என்று வரிசையாக வருகின்றன. அதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவருக்குத்தான் பெயர் இல்லை. நம் வேடன் வயிற்றுக்காக வேடன்.

சட்டத்திலும் அவருக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் கண்ணி வைப்பதும் பொறியில் பிடிப்பதும் இரை வைத்து இழுப்பதும் அடக்கம். முயற்சி செய்தாலே குற்றம். 1991ஆம் ஆண்டுத் திருத்தம் மிச்சமிருந்த வாசல்களையும் ஏறக்குறைய சாத்திவிட்டது. எலிப்பொறி வாங்கலாம். அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது.

ஆனால் ரோம வேட்டை இங்கே இல்லவே இல்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நடந்தது, நடக்கிறது. மாட்டுவது நம் வீட்டுக் கொல்லையில் ஓடும் கீரி.

எனக்கு இது உறைத்தது கிழக்கேகோட்டையில் ஒரு உறவினர் வீட்டில். சாலை பஜாருக்கு நடந்து போகும் தூரத்தில், தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பம். ஓவியம் படிக்கும் அவர்கள் மகள், தாத்தா விட்டுப்போன பெட்டியைத் திறந்து காட்டினாள். தாத்தா போர்டு எழுதியவர். பெட்டியில் ஏழெட்டு பிரஷ்கள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே முடியில் வெளிர் நிறமும் அடர் பழுப்பும் மாறி மாறி வந்தன. "மாமா, இது கீரிதானே?"

கீரி முடிக்கு அந்த மவுசு சும்மா வரவில்லை. விறைப்பு உண்டு, வளைத்தால் நிமிரும், சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நுனி கூராக நிற்கும். எண்ணெய் வண்ணக்காரர்கள் விரும்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு கீரியிடமிருந்து தூரிகைக்கு உதவும் முடி ஏறத்தாழ 20 கிராம்தான் தேறும். ஒரு கிலோவுக்கு சுமார் 50 கீரிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள் வனவிலங்கு ஆர்வலர்கள். உயிரோடு விட்டு முடியை மட்டும் வெட்டி எடுக்கும் வழக்கமும் கிடையாது. நாடோடியாகத் திரியும் வேட்டைக்காரர்கள் பிடிப்பார்கள், இடைத்தரகர் வாங்குவார். முடி கடைசியில் போய்ச் சேரும் ஊர்களில் பேர்போனது உத்தரப்பிரதேசம் பிஜ்னோர் மாவட்டத்தின் ஷேர்கோட். தூரிகைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. கண்ணி வைத்தவன் கைக்கு வருவது அற்பம், சிறைக்கு முதலில் போகிறவனும் அவன்தான்.

2002இல் கீரியின் பாதுகாப்பு அட்டவணை உயர்த்தப்பட்டது. 2019 அக்டோபரில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை போட்டது. 50,000க்கும் மேற்பட்ட தூரிகைகளும் 100 கிலோவுக்கு மேல் முடியும் சிக்கின. மேலே சொன்ன கணக்கில் அந்த முடி மட்டுமே ஐயாயிரம் கீரிகள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கீரி முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. தண்டனை 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். குழந்தையைக் காப்பாற்றிய கீரிப்பிள்ளையின் கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில் இதற்கு இத்தனை காலம் ஆனது.

வேடிக்கை என்னவென்றால், கேரளத்தின் பழைய சுவரோவியர்களுக்குக் கீரி தேவைப்படவில்லை. அவர்களின் தூரிகை ஈயாம்புல்லில் பிறந்தது. அகலப் பூச்சுக்குத் தாழை வேர், வேறு சிலதற்குக் கன்றின் காதுமுடி.

சரி, பொறி வைக்கும் ஆசை அடங்கவில்லை என்பவர் என்ன செய்வது? கேமராவை வைக்கலாம். 1920களிலேயே எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி, வடஇந்தியக் காடுகளில் புலி போகும் தடத்தில் கம்பி கட்டி, அது தட்டினால் தானே படமெடுக்கும்படி செய்தார். தொண்ணூறுகளில் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் புலிகளை எண்ணியதும் தானியங்கிக் கேமராவால்தான். காட்டுக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். சொந்தக் கொல்லையில் யாரும் கேட்கப்போவதில்லை. தடம் பார்ப்பது, வளையைக் கண்டுபிடிப்பது, காற்று எந்தப் பக்கம் என்று கவனிப்பது என வேடனின் வித்தை முழுக்க இதற்கும் தேவை. சாம்பல் கீரி பகலில் நடமாடும். தூக்கம் கெடாது.

தாத்தாவின் பிரஷ்ஷை என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தூக்கிப்போட மனம் வரவில்லை அவளுக்கு. வைத்திருப்பதும் சட்டத்துக்குப் பொருந்தாது. வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்றார் அவள் அப்பா. அவள் நைலான் பிரஷ்ஷில்தான் வரைகிறாள். நுனி சீக்கிரம் விரிந்துவிடுகிறது என்று குறைபட்டுக்கொள்கிறாள்.