கோடிட்ட இடம்: மனப்பாடத்திலிருந்து வாசிப்புக்கு

எடப்பாடியில் தறி ஓடும் வீடுகளில் இரவுப் படிப்பு என்றால் சத்தம் போட்டுப் படிப்பதுதான். விசைத்தறி இரைச்சலை மீறித் தன் குரல் தன் காதில் விழவேண்டும். அந்தக் காலத்து இங்கிலீஷ் பரீட்சைக்கு அது நன்றாகவே ஒத்துவந்தது. பாடத்தில் வரும் வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருப்பார்கள். வாக்கியம் உருப்போட்டிருந்தால் சொல் தானாக வாயில் வந்துவிடும். புக் பேக் கேள்விகளையும் கைடையும் பழைய வினாத்தாள்களையும் முடித்த பிள்ளைக்கு அந்த மார்க் உறுதி. வாக்கியத்துக்குப் பொருள் என்ன என்று பரீட்சை கேட்டதில்லை.

அந்தப் படிப்பை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது. வீட்டில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கு, 'டிபெண்ட்' என்றால் அடுத்து 'ஆன்', 'அஃப்ரெய்டு' என்றால் 'ஆஃப்' என்று காது பழகியது அந்த உருப்போடலில்தான். ஆனால் முன்பின் பார்க்காத ஒரு பத்தியைத் தானாக வாசித்துப் புரிந்துகொள்ளும் தைரியத்தை அது கொடுக்கவில்லை. பக்கத்து நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளிகள் மார்க்குக்குப் பேர்போன காலத்தில் மனப்பாடம் இன்னும் இறுகியது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்பதே தனிப் படிப்பாகிவிட்டது.

2017இல் மாநில ரேங்க் அறிவிப்பது நின்றது. 2018இலும் 2019இலும் புதிய பாடநூல்கள் வந்தன. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷின் இரண்டு தாள்களும் ஒன்றாயின. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்காததால், அந்த ஒற்றைத் தாளைப் பிள்ளைகள் முதன்முதலில் எழுதியது 2022 மே மாதத்தில்.

உண்மையான மாற்றம் பள்ளிக்கு வெளியே வந்தது. அரசு வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு 2011இல் தொடங்கியது. பட்டம் முடித்த பிள்ளைகள் 'க்ளோஸ் டெஸ்ட்' என்ற பெயரை அங்கேதான் பரவலாகக் கேட்டார்கள். பத்தி எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, நடுநடுவே கோடு. பல ஆண்டுகள் முதல்நிலையில் இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிடம். தப்பான விடைக்குக் கால் மார்க் போய்விடும். 2021இல் கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுத வழி பிறந்தபோது மற்ற பகுதிகளில் பாரம் குறைந்தது. இங்கிலீஷ் பகுதி மட்டும் இங்கிலீஷிலேயே நின்றது.

இந்த க்ளோஸ் முறையை 1953இல் முன்வைத்த அமெரிக்கர் வில்சன் டெய்லர் மாணவரைச் சோதிக்க அதை உருவாக்கவில்லை. பத்திரிகை எழுத்து வாசகருக்கு எளிதாக இருக்கிறதா என்று அளக்கவே உருவாக்கினார். பத்தியில் சீரான இடைவெளியில், உதாரணமாக ஐந்து சொல்லுக்கு ஒன்றாக, நீக்கிவிட்டு, வாசகர் எத்தனை சொல்லைச் சரியாக நிரப்புகிறார் என்று பார்த்தார். நிரப்ப முடியாவிட்டால் குறை எழுத்தில். அதே அளவுகோல் பிற்பாடு மாணவர் பக்கம் திரும்பியது.

மனப்பாடப் பழக்கம் எங்கே இடறுகிறது என்று பாருங்கள். இங்கிலீஷில் இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: சேலத்தில் அந்த ஆண்டு மழை குறைவு. ஜூலையில் மேட்டூர் அணை ______. குடகில் கொட்டிய மழையெல்லாம் காவிரியில் வந்து சேர்ந்திருந்தது. விடைகளில் 'ட்ரைடு அப்' இருக்கிறது, 'ஓவர்ஃப்ளோடு' இருக்கிறது. இலக்கணப்படி இரண்டும் பொருந்தும். கோடு வரை மட்டும் வாசிக்கிற பிள்ளை அணையை வற்றவைத்துவிடும். அடுத்த வரியையும் பார்க்கிற பிள்ளைக்கு அணை நிரம்பி வழிவது தெரியும். ஆகவே கோட்டைக் கண்டவுடன் பேனாவை எடுக்கக்கூடாது. முதலில் கோடுகளைத் தாண்டித் தாண்டிப் பத்தி முழுவதையும் ஒருமுறை வாசிக்கவேண்டும். இரண்டாம் முறையில் தெரிந்த இடங்களை நிரப்பினால், தெரியாத இடங்களுக்கு அவையே வழி காட்டும். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் அந்த முதல் வாசிப்பைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

வெளிநாடு போக எழுதும் தேர்வுகளில் கோடு இன்னும் கண்டிப்பானது. ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்புத் தாளில் 60 நிமிடத்தில் 40 கேள்வி. அதில் பல வகைக் கேள்விக்குப் பத்தியில் இருக்கும் சொல்லையே எடுத்து எழுதவேண்டும். இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்றால் மூன்றாவது சொல் மார்க்கைக் கொண்டுபோய்விடும். எழுத்துப் பிழையும் அப்படித்தான். பிரிட்டனில் செவிலியர் பதிவுக்கு 2017 நவம்பர் முதல் ஏற்கப்படும் ஓ.இ.டி. தேர்வில், வாசிப்புத் தாளின் முதல் பகுதியில் நான்கு சிறு மருத்துவக் குறிப்புகள், 20 கேள்விகள், 15 நிமிடம். நர்சிங் முடித்த பெண் அங்கே தேடுவது ஒரு மருந்தின் அளவாக இருக்கலாம், எந்த நோயாளிக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்பதாக இருக்கலாம். வேலைக்குப் போன பிறகு வார்டில் அவர் ஒவ்வொரு நாளும் வாசிக்கப்போவதும் இந்த மாதிரிக் குறிப்புகளைத்தான்.