சாப்பாட்டு மேசையும் வைப்பு ரசீதும்

முதிர்வு நாள் கடந்து பல மாதங்கள் ஆன வைப்பு ரசீதுகளுடன் வாடிக்கையாளர்கள் எங்கள் கிளைகளுக்கு வருவது அபூர்வமன்று. ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டால், "சாப்பாட்டு மேசையில்தான் வைத்திருந்தோம், அடியில் போய்விட்டது" என்பார்கள். இந்த விடையை அடிக்கடி கேட்டுவிட்டதாலேயே, வங்கி இதழில் சாப்பாட்டு மேசையைப் பற்றி எழுத முற்படுகிறோம்.

தரையில் அமர்ந்து உண்ட காலத்தில், உண்ணும் இடம் என்று வீட்டில் நிலையாக ஒன்று இருந்ததில்லை. இலையையோ தட்டையோ எடுத்து, இடத்தைத் துடைத்துவிட்டால் அது மறுபடியும் கூடமாகிவிடும். நாளுக்கு இரண்டு மூன்று முறை அந்த இடம் காலியாகியே தீரும். மேசை வந்த பிறகு அந்தக் கட்டாயம் போயிற்று. அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் வாசலுக்கும் சமையலறைக்கும் இடையில், கைக்கு எட்டும் உயரத்தில் அது நிற்கிறது. வெளியிலிருந்து வருபவர் கையில் உள்ளதை இறக்கி வைக்கும் முதல் தளம் அதுவே. நால்வர் உண்ணும் மேசையில் இருவர் உண்ண, மீதிப் பாதியில் மின்கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, திருமண அழைப்பிதழ், பள்ளிச் சுற்றறிக்கை, திறவாத வங்கிக் கடிதம் என அடுக்கு வளர்கிறது.

இவற்றில் எதுவும் குப்பை என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் அன்றே எறிந்திருப்போம். என்ன செய்வது என்று முடிவெடுக்காத காகிதங்களே மேசையில் தங்குகின்றன. ஊறுகாய் ஜாடி, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை ஒழுங்குபடுத்த அரை மணி நேரம் போதும். மூடி ஓரிடமும் டப்பா ஓரிடமுமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் பாத்திரங்களின் சிக்கலைத் தீர்க்கும் திறன் எங்களுக்கு இல்லை. காகிதங்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல இயலும்.

வைப்பு ரசீதையே எடுத்துக்கொள்வோம். தானாகப் புதுப்பிக்கும்படி அறிவுறுத்தல் தராத வைப்புத்தொகை முதிர்ந்தும் கோரப்படாமல் கிடந்தால், சேமிப்புக் கணக்கிற்குரிய வட்டி, முதலில் ஒப்புக்கொண்ட வட்டி ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே வழங்கப்படும் என்று 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 7 விழுக்காட்டில் புதுப்பித்திருக்கக்கூடிய 2 லட்சம் ரூபாய், 3 விழுக்காட்டில் ஆறு மாதம் கிடந்தால் இழப்பு 4,000 ரூபாய். பத்து ஆண்டுகள் கோரப்படாமல் இருந்தால், அத்தொகை 2014இல் ஏற்படுத்தப்பட்ட வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதன் பிறகும் வங்கியின் வழியே கோரிப் பெறலாம். அத்தகைய கணக்குகளைத் தேடுவதற்கென்றே ‘உத்கம்’ என்னும் இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கியது. ஆயினும், இருப்பதே தெரியாத பணத்தை யார் தேடுவார்?

காசோலையின் ஆயுள் இன்னும் குறைவு. எழுதப்பட்ட தேதியிலிருந்து மூன்று மாதங்களே அது செல்லும். அதன் அடிப்பகுதியில் உள்ள வெண்பட்டையில் காந்த மையால் அச்சிட்ட எண்களை இயந்திரம் படிக்கிறது. தீர்வுக்காக இன்று காசோலை நேரில் பயணம் செய்வதில்லை, அதன் படமே அனுப்பப்படுகிறது. சாம்பார்க் கறை பட்டுத் தொகை தெளிவாகத் தெரியாத காசோலையை வைத்துக்கொண்டு எங்கள் ஊழியர் விழிக்க வேண்டியதுதான். குளிர்பதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் கடையில் தரும் ரசீதுகள் பல, வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருபவை. சூடும் எண்ணெய்ப் பசையும் பட்டால் எழுத்து மங்கி, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்துக்கொள்வது நலம்.

மேசைமேல் கிடக்கும் பற்று அட்டை வேறொரு கவலை. தொடாமலே பணம் செலுத்தும் வசதி இயக்கத்தில் உள்ள அட்டையால் 5,000 ரூபாய் வரை இரகசிய எண் இல்லாமலே செலவிட முடியும். இரகசிய எண்ணை அருகிலுள்ள நாட்காட்டியில் குறித்து வைக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அத்தகைய கவனக்குறைவால் நேரும் இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி.

ஒழுங்குபடுத்துவதற்கு ஒரு ஞாயிறு மாலை போதும். மேசையில் உள்ள அனைத்தையும் தரையில் விரித்த போர்வையின்மேல் இறக்குங்கள். துடைத்த மேசைக்கு உண்பதற்கு வேண்டியவை மட்டும் திரும்பட்டும். மருந்துகள் அடுப்புச் சூடு படாத, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். பிறகு ஒவ்வொரு காகிதத்திலும் தேதி ஒன்றைத் தேடுங்கள். கட்டணத்தின் கடைசி நாள், காப்பீட்டுத் தவணை, வைப்பின் முதிர்வு போன்று வரப்போகும் தேதி இருந்தால், அதை மாத நாட்காட்டியில் குறித்துவிட்டுக் காகிதத்தைச் சுவரில் மாட்டிய ஒரே கவ்வியில் செருகுங்கள். தேதி கடந்தும் பாதுகாக்க வேண்டியவை அலமாரிக் கோப்புக்கு உரியவை. எஞ்சியவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன், கணக்கு எண் உள்ள பகுதியைக் கிழித்துவிடுங்கள். வாசலருகே சாவிக்கும் கடிதங்களுக்கும் ஒரு தட்டு வைத்தால், அடுத்த வாரமே அடுக்கு மீண்டும் முளைப்பதைத் தடுக்கலாம்.

இந்த வேலையைக் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்வது மிகவும் அவசியம் என்பது எங்கள் கருத்து. பல வீடுகளில் மேசையைத் துடைப்பவர் ஒருவர், அதன்மேல் உள்ள காகிதங்களுக்கு உரியவர் மற்றொருவர். துடைப்பவருக்கு எதை எறியலாம் என்று தெரியாது. ஆகவே ஓரமாக நகர்த்துகிறார், பின்னர் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஏற்றுகிறார். உரியவர் அதைக் கவனிப்பதே இல்லை. அவர் இறந்த பின், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று அறியாமல் ஒரு பை நிறையக் காகிதங்களோடு வந்து அமரும் பெண்களை நாங்கள் காண்கிறோம். துக்கத்தின் நடுவே ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காட்டி, "இது செல்லுமா, சார்?" என்று அவர்கள் கேட்கும் நிலை வேறெவருக்கும் வர வேண்டாம்.

எனவே காகிதங்களைப் பிரிக்கும் அன்றே, வங்கி, கிளை, கணக்கு வகை, முதிர்வு நாள், நியமனதாரர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் படித்து, கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். கடவுச்சொற்களையும் இரகசிய எண்களையும் அதில் எழுத வேண்டாம். நியமனதாரர் இடம் வெறுமையாக இருந்தால் கிளையில் படிவம் கொடுத்து நிரப்பலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்க வழி செய்யப்பட்டுள்ளது.

தேடியும் வைப்பு ரசீது கிடைக்கவில்லையெனில் அஞ்ச வேண்டியதில்லை. தொகை வங்கியின் பேரேட்டில் பதிவாகியே இருக்கும். அடையாளச் சான்றுடன் கிளைக்கு வந்து கடிதம் கொடுத்தால் மாற்று ரசீது பெறலாம், அதற்கு ஈட்டுறுதிப் பத்திரம் கேட்கப்படலாம். புறப்படுமுன் குளிர்பதனப் பெட்டியின் மேற்புறத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.