கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் போடலாமா?



கூட்டமைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓட ஆரம்பித்ததும் கடைக்காரர் சொல்வது, "ஃபார்மட் போட்டுடலாம்மா". நாமும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அப்படித் தலையாட்டியதில் இரண்டு வருடக் கடன் கணக்கு போய்விட்டது. ஒவ்வொரு குழுவின் பாஸ்புக்கையும் வாங்கி, திரும்ப உட்கார்ந்து ஏற்றினோம். "நான் கட்டி முடிச்ச கடனை கட்டலைன்னு சொல்லிடுவாங்களா?" என்று ஒரு அக்கா அழுதேவிட்டார்.

ஃபார்மட் என்றால் என்ன?

போகிக்கு வீட்டை ஒழிக்கிறோம் அல்லவா, அது மாதிரிதான். கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. பண்டபாத்திரத்தை முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

எப்போது தேவையில்லை?

சி டிரைவ் நிரம்பியிருந்தால் வேண்டாததை நீக்கினாலே போதும். கம்ப்யூட்டரைப் போட்டதும் பல புரோகிராம்கள் தானாகத் திறந்தால் அவற்றை நிறுத்தலாம். ஹார்ட் டிஸ்க்கே பழுது என்றால் ஃபார்மட் போட்டும் பலனில்லை. டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இவை இருந்து, பிராசசரும் ஏற்றதாக இருந்தால், அழிக்காமலே அப்கிரேட் செய்யலாம்.

எப்போது தேவை?

வைரஸ் புகுந்து எதைச் செய்தும் போகவில்லை, விண்டோஸ் கெட்டுப்போய் அடிக்கடி நின்றுவிடுகிறது, ரிப்பேர் செய்தும் சரியாகவில்லை என்றால் ஃபார்மட் போடுவதுதான் நல்லது.

போடும் முன் செய்ய வேண்டியவை:

1. கணக்கு, போட்டோ, கடிதம் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

2. "முகப்புத் திரையில்தானே இருக்கு" என்று விடாதீர்கள். டெஸ்க்டாப்பில் உள்ளவை பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும், அதுவும் அழியும்.

3. கணக்கு மென்பொருளின் லைசென்ஸ் விவரம், பாஸ்வேர்டுகளை எழுதி வையுங்கள்.

4. தணிக்கை நடக்கும் நாட்களில் இந்த வேலை வேண்டாம்.

5. ஒரிஜினல் விண்டோஸ்தானா என்று கேளுங்கள். பில் வாங்குங்கள்.

இதைக் கணக்காளர் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். செயற்குழுவில் பேசி, யார் நகல் எடுத்தார், யார் சரிபார்த்தார் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் இருந்தாலும் குழுவின் கையெழுத்துப் பேரேட்டை விட்டுவிடாதீர்கள். அந்தக் கணக்கில் இருப்பது நாம் வாரா வாரம் கட்டிய சேமிப்பு.