ஊசிமுனை எங்கே?

‘குழந்தைக்கு வென்ஃப்ளான் போட மூன்று நான்கு இடத்தில் குத்துகிறார்கள். வயிற்றுக்குள் இருந்தபோதே குழந்தையைக் காட்டிய ஸ்கேன், வெளியே வந்தபின் கையில் ஒரு நரம்பைக் காட்டாதா?’ என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

காட்டும். நரம்பு என்று நாம் சொல்லும் அந்தச் சிரை எங்கே என்பதைவிட முக்கியமான ஒன்றையும் காட்டும். ஆனால், அதைப் பார்க்கக் கை பழகியிருக்க வேண்டும்.

பச்சிளம் குழந்தையின் கையில் ஓடும் சிரை ஒன்றிரண்டு மி.மீ. அகலம்தான். அதற்குள் நுழைய வேண்டிய மஞ்சள் நிற 24 கேஜ் வென்ஃப்ளானின், அதாவது ஊசிமேல் பிளாஸ்டிக் குழாய் போர்த்திய கனுலாவின், தடிமனே 0.7 மி.மீ. சில மாதங்களில் குழந்தை கொழுகொழுவென்று ஆகிவிட்டால், சிரை கண்ணுக்கும் தட்டுப்படாது, விரலுக்கும் தட்டுப்படாது. ஸ்கேன் அனுப்பும் ஒலிக்கு மட்டும் இந்தச் சின்ன உடம்பு வசதி. அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஒலி ஆழத்துக்குப் போகாது. வயிற்றை ஸ்கேன் செய்ய 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் என்றால், தோலுக்குச் சில மி.மீ. கீழே ஓடும் சிரைக்கு 15 மெகாஹெர்ட்ஸையே தாராளமாகப் பயன்படுத்தலாம். சதைக்குள் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1,540 மீட்டர். வகுத்துப் பார்த்தால் அலைநீளம் 0.1 மி.மீ. கனுலாவின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு!

ஒலியை அனுப்பி வாங்கும் புரோபைத் தோல்மேல் வைத்து லேசாக அழுத்தினால் சிரை நசுங்கி மறையும், தமனி துடித்தபடி நிற்கும். பச்சிளம் குழந்தைக்கு புரோபின் எடையே சிரையை மூடிவிடும் என்பதால், ஜெல்லைத் தடிமனாகப் பூசி, தோலைத் தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும்.

இனிதான் வேடிக்கை. புரோபைச் சிரைக்குக் குறுக்கே வைத்தால், திரையில் தெரிவது ஒரு மெல்லிய குறுக்குவெட்டு மட்டுமே. சிரை கறுப்பு வட்டம், ஊசி வெள்ளைப் புள்ளி. அந்த வெட்டு ஊசியின் முனையில் விழுந்தாலும் புள்ளி, நடுவில் விழுந்தாலும் அதே புள்ளி. வட்டத்தின் மையத்தில் புள்ளி அழகாக உட்கார்ந்திருக்கும். முனையோ மறுசுவரைத் துளைத்துக்கொண்டு அப்பால் போயிருக்கும்.

இதற்குக் கண்டுபிடித்த தந்திரம் எளிமையானது. புள்ளி தெரிந்ததும் ஊசியை நிறுத்திவிட்டு, புரோபை ஓரிரு மி.மீ. முன்னே நகர்த்துவார்கள். புள்ளி மறைய வேண்டும். மறைந்தால், சற்றுமுன் பார்த்தது முனையேதான். மறையாவிட்டால், பார்த்தது ஊசியின் வெறும் நடுப்பகுதி. மறைந்தபின் ஊசியைத் தள்ளுவார்கள். புள்ளி மறுபடி முளைக்கும். நகர்த்து, மறையட்டும், தள்ளு, முளைக்கட்டும். இப்படியே சிரைக்குள் நாலைந்து மி.மீ. போவார்கள். ரத்தம் தெரிந்த கணமே நிறுத்தினால் போதாது. முனை மட்டும் உள்ளே இருக்கும், அதன்மேல் போர்த்திய பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியே இருக்கும்.

பாவாடைக்கு நாடா கோர்த்தவர்களுக்கு இது புரியும். நாடா நுனியில் ஊக்கைக் குத்தி இடுப்பு மடிப்புக்குள் விட்டு, வெளியிலிருந்து விரலால் ஊக்கின் தலையைத் தேடித் தேடித் தள்ளுகிறோம். தலை என்று நினைத்து நாடாவைப் பிடித்துத் தள்ளினால், துணி சுருங்குமே தவிர ஊக்கு நகராது. தையல் விட்டிருந்தால் ஊக்கு ஓட்டை வழியே வெளியே எட்டிப் பார்க்கும். இப்போது அந்தப் பாவாடை ஈர டிஷ்யூ தாளில் தைத்தது, மடிப்பு ஊக்கைவிடக் கொஞ்சமே அகலம், பாவாடையை உடுத்திய சிறுமி வீறிட்டபடி ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வார்டு நர்ஸின் அன்றாட வேலை அதுதான்.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: உலோகத்தில் விரிசல் தேடும் கருவியில் தொடங்கிய கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டு, வயிற்றுக் கட்டிகளை ஒலியால் படம்பிடித்ததை 1958-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். கழுத்துச் சிரையில் குழாய் செலுத்தும்போது, அவசரமில்லாத நேரங்களில், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்கேன் பார்த்தே செலுத்துங்கள் என்று பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2002-இல் பரிந்துரைத்தது.

கழுத்துச் சிரைக்குச் சான்று வலுவானது. கைச் சிரைக்கு அப்படி ஒரே பேச்சாகச் சொல்லிவிட முடியாது. சிரை கண்ணுக்கே தெரியும் குழந்தைக்கு ஸ்கேனால் பெரிய லாபமில்லை, நேரம்தான் வீண். சிரை கிடைக்காத குழந்தைக்கு, பழகிய கையில் இருந்தால் நல்ல பலன். அகச்சிவப்பு ஒளியால் தோல்மேல் சிரையை வரைந்து காட்டும் கருவிகள் பார்க்க ஜோராக இருக்கின்றன. ஆனால் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் பலவற்றில் முதல் குத்திலேயே வெற்றி என்பது குறிப்பிடும்படி கூடவில்லை. ஆச்சரியமில்லை. அவை சிரையின் தடத்தைக் காட்டுகின்றன. ஊசிமுனை எங்கே நிற்கிறது என்று சொல்வதில்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்கேன் கருவியைப் பதிவு செய்தாக வேண்டும். தூக்கிச் செல்லும் கருவிக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். சட்டத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் வார்டில் நினைத்த நேரத்தில் கருவியை எடுத்து ஓட முடியாது.

ஆகவே, எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் வேண்டாம். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், ‘ஸ்கேன் பார்த்துப் போடத் தெரிந்தவர் இருக்கிறாரா?’ என்று கேளுங்கள். குழாய் புதைத்த ஜெலட்டின் கட்டியிலும் கோழிக்கறியிலும் குத்திக் குத்தித்தான் இந்த வித்தை படியும். புதுக் கருவி வாங்கியதைப் படத்தோடு செய்தியாக்கும் மருத்துவமனை, அதைப் பிடிக்கப் பழகியவர் ராத்திரி ஷிஃப்டில் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.