குழந்தைப் பயிற்சியில் ஊழியர் திறன்

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத, வேண்டியதை விரலால் சுட்டாத இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம். பயிற்சியை விரைந்து தொடங்குதல் நலம். ஆனால் வால்பாறையில் கொழுந்து பறிக்கும் தாய், வாரந்தோறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் கோவை செல்வது எங்ஙனம்? அன்றைய கூலியும் போய்விடுமே!

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்து, 2016-இல் வெளியான ஆய்வில் வழி காண்கிறோம். நிபுணரல்லாத ஊழியர்களே அங்குப் பயிற்சி பெற்றனர். தாய் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அவருக்கே காட்டி, குழந்தையின் சிறு ஒலிக்கும் பார்வைக்கும் இணங்கிப் பதிலளிக்கப் பழக்கினர். குழந்தைகள் தாமே பெற்றோரை நாடுதல் மிகுந்தது. எல்லாம் சீராயிற்று என்று கூறோம்; இருவரும் ஒரே பொருளில் கவனம் வைப்பது பெருகவில்லை.

பொம்மையைத் திணித்து, 'சொல், சொல்' என்று வற்புறுத்தும் ஊழியரால் பயனில்லை. காத்திருக்கத் தெரிய வேண்டும். ஒரு நாள் முகாமில் இத்திறன் வாராது. ஊழியரை அமர்த்துமுன், அவர் பணியை உடனிருந்து பார்த்துத் திருத்துபவர் யார் எனப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்டறிய வேண்டுகிறோம்.