ஆமைத் தொட்டியைக் கழுவப் போகிறீர்களா?

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்பார்கள் நம் பாட்டிமார். இப்போதோ ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்று கண்ணாடித் தொட்டியில் விட்டு வளர்க்கிறோம்! அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, கழுவும் விதம் தப்பானால் வயிற்றுப்போக்கு வந்து சேரும்.

ஏற்காட்டில் கிளியூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு வயதுப் பேத்திக்குக் காய்ச்சல், பேதி. "மாதுளை ஓட்டுக் கஷாயம் கொடுக்கலாங்களா டாக்டர்?" என்று பாட்டி கேட்கிறார். உள்ளே மருமகள், சமையலறை சிங்க்கில் ஆமைத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், பாத்திரம் தேய்க்கும் அதே நாரால்! கடைசியில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, "கிருமியெல்லாம் போயிடும், இல்லீங்களா?" என்றார்.

போகாதம்மா. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், மஞ்சளும் வேப்பிலையும் சாம்பிராணிப் புகையும் இந்த வேலைக்குப் போதாது. ஆமையின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி சர்வசாதாரணமாக இருக்கும். ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கழிவோடு வெளியேறி தண்ணீரில், ஓட்டில், தொட்டிக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். சின்ன ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைத்து நோய் வாங்கியதால்தான், ஓடு நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975லேயே தடை போட்டார்கள்.

சரி, எப்படிக் கழுவுவது? சமையலறை வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வெளியே வைத்துக் கழுவுங்கள். ஆமையைத் தனி வாளிக்கு மாற்றி, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, அழுக்குத் தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டுங்கள். முதலில் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். அழுக்கு மிச்சமிருந்தால் மருந்து வேலை செய்யாது. பிறகு, கடையில் கிடைக்கும் வாசனை சேர்க்காத குளோரின் பிளீச் 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஈரமாகவே விடுங்கள். வாடை போகும்வரை அலசி, வெயிலில் காயவையுங்கள். (ஏற்காட்டுப் பனியில் வெயிலுக்கு எங்கே போவது என்கிறீர்களா? சுத்தமான துணியால் துடைத்து உலரவிடுங்கள்.)

பிளீச்சோடு ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் விஷவாயு கிளம்பும், ஜாக்கிரதை! ஃபினாயில் கூடவே கூடாது, ஆமைக்கே ஆபத்து. தொட்டிக்கென்று நார், வாளி தனியாக வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஆமையே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நட்சத்திர ஆமையை வளர்ப்பதோ, 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

அந்தக் குழந்தைக்கு நான் கஷாயம் கொடுக்கவில்லை. காய்ச்சலோடு பேதி, அதிலும் மலத்தில் ரத்தம் என்றால், உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். அப்படித்தான் அனுப்பினேன்.

"அப்ப ஆமையை ஏரியில விட்டுடலாங்களா?" என்று கேட்டார் மகன். ஐயோ, அதுவும் தப்பு! கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட அந்த ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரியில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள் என்றேன்.